பெருங்கணக்கும் சிறு பகுதிகளும்

தொப்பூர்க் கணவாயில் நின்றுவிட்ட லாரிகளை நாம் அடிக்கடி காண்கிறோம். டயர் வெடித்தால் ஓட்டுநர் லாரியையா மாற்றுகிறார்? அந்தச் சக்கரத்தை மட்டும் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு புறப்படுகிறார். அதன் துளைகள் லாரியின் போல்ட்டுகளுக்குச் சரியாகப் பொருந்துவதால்தான் இது முடிகிறது. சூப்பர் கணிப்பொறிகளில் இயங்கும் பெரிய அறிவியல் நிரல்களையும் அறிஞர்கள் இவ்வாறே அமைக்கின்றனர்.

மழையை முன்னறிவதையே எடுத்துக்கொள்வோம். வானம் பார்த்த நிலத்தில் விதைக்கும் நாள் தவறினால், ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பே வீணாகக்கூடும். எனவே பருவமழையை மேலும் சரியாகக் கணிக்க, மைய அரசு 2012இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் அதில் முன்னின்றது. அங்குப் பயன்பட்ட நிரல் ஒரே துண்டன்று. காற்றுமண்டலம், கடல், நிலம், கடற்பனி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப் பகுதி உண்டு. ஒவ்வொரு பகுதியும் தன் கணக்கைச் செய்து, கடலின் வெப்பம், காற்றின் வேகம் போன்ற விடைகளைக் குறித்த இடைவெளியில் மற்றவற்றுக்குக் கொடுக்கும். கடலறிஞர் தம் பகுதியைத் திருத்தும்போது, மற்றவர்கள் தங்கள் பகுதிகளை மீண்டும் எழுத வேண்டியதில்லை.

நம் மாநிலத்திலும் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022இல் ‘பரம் பொருள்’ என்னும் சூப்பர் கணிப்பொறி நிறுவப்பட்டது. அதன் உச்ச வேகம் விநாடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகள்! ஆனால், நிரலின் பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் இந்த வேகம் தவறான விடையைத்தான் விரைவாகத் தரும்.

இதற்குச் சான்று ஒன்று உண்டு. 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் செவ்வாய் விண்கலம் ஒன்று அழிந்தது. தரையிலிருந்த ஒரு நிரல் உந்துவிசையைப் பவுண்டு அளவில் கொடுக்க, அதைப் பெற்ற நிரல் நியூட்டன் அளவென்றே எடுத்துக்கொண்டது. கலம் செவ்வாயை மிக நெருங்கித் தொலைந்தது.

ஆகவே நல்ல நிரலுக்கு மூன்று விதிகள் வேண்டும். ஒரு பகுதிக்கு ஒரே வேலை. உள்ளே வருவது எது, வெளியே செல்வது எது, எந்த அலகில் என்பதை எழுதிவைத்தல். விடை தெரிந்த சிறு கணக்கைக் கொடுத்து, ஒவ்வொரு பகுதியையும் தனியே சோதித்தல்.

விடைக்குப் பக்கத்தில் அலகு எழுதாததற்காக ஆசிரியை அரை மதிப்பெண் குறைக்கும்போது நாம் முகம் சுளிக்கிறோம். அந்த அரை மதிப்பெண்ணின் அருமை இப்போது புரிகிறதல்லவா?