ஒரு பகலில் உருவாகி ஓரிரவில் அரங்கேறும் நாடகம்

ஆலயத் திருவிழா என்றால் அபிஷேகம், அலங்காரம், இரத ஊர்வலம், அன்னதானம் ஆகியவற்றோடு கலை நிகழ்ச்சியும் இடம்பெறுவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கமாகும். நம்மவர்கள் தோட்டங்களில் வாழ்ந்த காலத்தில் அக்கலை நிகழ்ச்சி பல இடங்களில் நாடகமாகவே அமைந்தது. காலையில் பால்மரம் சீவியவர்களே திருவிழா இரவில் அரிச்சந்திரனாகவும் நல்லதங்காளாகவும் மேடையேறினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பின்னர், அந்த மேடையை வாடகை இசைக் குழுக்கள் நிரப்பின. இன்று நாடகம் போடலாமே என்று எவரேனும் கேட்டால், "ஒத்திகைக்கு நேரம் ஏது?" என்னும் பதிலே வருகின்றது.

வேலை, மிகைநேர வேலை, பிள்ளைகளின் டியூஷன் என்று ஓடும் வாழ்க்கையில் அப்பதிலைக் குறைகூற இயலாது. ஆயினும், பல மாத ஒத்திகை இல்லையென்றால் நாடகமே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டுமா? ஒரு நாடகத்தை ஒரே நாளில் உருவாக்கி அன்றே மேடையேற்ற முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

ஓரிரவில் பிறந்த நாடகம்

தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922), 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு ஒரு நாடக சபையைத் தோற்றுவித்தார். அச்சபையில் சேர்ந்த சிறுவர்களுள் ஒருவரே பின்னாளில் ஒளவை சண்முகம் எனப் புகழ்பெற்ற தி.க. சண்முகம். அச்சிறுவன் நடிப்பதற்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார். நான்கு மணி நேரம் நடைபெறக்கூடிய நாடகம் அது! இச்செய்தியைச் சண்முகம் அவர்களே தம் 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூலில் பதிவு செய்துள்ளார்.

சுவாமிகளின் மேதைமை ஒப்பற்றது. அதில் ஐயமில்லை. ஆனால் வேறொரு காரணத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அபிமன்யு யார், அர்ச்சுனன் யார் என்று அந்நாளில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. எழுதியவர், நடித்தவர், பார்த்தவர் ஆகிய மூவரும் பாரதம் கேட்டு வளர்ந்தவர்கள். கதை முன்பே எல்லோர் நெஞ்சிலும் குடியிருந்தது. அதனை வெளிக்கொணர ஓரிரவு போதுமானதாயிற்று.

அந்தக் காலத்திற்கு அது பொருந்தும், இந்தக் காலத்திற்குப் பொருந்துமா எனக் கேட்போர்க்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. 1995இல் நியூயார்க் நகரில் டீனா ஃபாலன் என்னும் அம்மையார் இருபத்து நான்கு மணி நேர நாடகங்கள் என்னும் முயற்சியைத் தொடங்கினார். முதல் நாள் இரவு அனைவரும் கூடுவர். ஒவ்வொரு நடிகரும் ஓர் உடையையும் ஏதேனும் ஒரு பொருளையும் கொண்டு வந்து, தமக்கு என்ன தெரியும் என்பதை எடுத்துரைப்பர். எழுத்தாளர்கள் இரவெல்லாம் விழித்துச் சிறு நாடகங்களை எழுதுவர். பகலில் ஒத்திகை நடைபெறும். மாலையில் திரை விலகும். பின்னர் இம்முயற்சி நியூயார்க்கின் பெரிய அரங்குகளுக்கும் இலண்டனுக்கும் பரவியது. கால எல்லை குறுகியதாக இருப்பதாலேயே பணியில் இருப்போரும் இதற்கு ஒரு நாளை ஒதுக்க முடிகின்றது.

சிவராத்திரி மேடையில் திண்ணனார்

2023ஆம் ஆண்டு மகா சிவராத்திரி பிப்ரவரி 18, சனிக்கிழமையன்று அமைந்தது. நான்கு கால பூசைகளுக்கு இடையே இளையோர் கைப்பேசியில் மூழ்குவதும், சிறுவர்கள் மண்டபத் தூணில் சாய்ந்து உறங்குவதும் ஆண்டுதோறும் நாம் காண்பதுதானே? எனவே எங்கள் ஆலயத்தில் அன்று காலை 7 மணிக்கு விருப்பமுள்ளோரை வரச் சொன்னோம். தாத்தா பாட்டிமார் முதல் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வரை 24 பேர் வந்தனர். கண்ணப்ப நாயனார் வரலாறு எனத் தீர்மானமாயிற்று. வேட்டை, குடுமித் தேவரைக் காணல், ஊன் படைத்தல், சிவகோசரியார் வருந்துதல், கண் அளித்தல் என ஐந்து காட்சிகளாகப் பிரித்து, காட்சிக்கு ஒரு குழு என்று அமைத்தோம்.

வசனம் எழுதும்போதுதான் உண்மை நிலை வெளிப்பட்டது. இளைஞர்களுள் நால்வருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வரவில்லை. அவர்களுக்கு உரோமன் எழுத்தில் எழுதிக் கொடுக்கலாமா என்று வாதம் எழுந்தது. தோட்டத்து மேடையில் பல வேடங்கள் புனைந்த 78 வயதுப் பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். "எங்கள் காலத்தில் பாதிப் பேருக்கு எந்த எழுத்துமே தெரியாது தம்பி. காதால் கேட்டுத்தான் கற்றோம்" என்றார். பின்னர் அந்நால்வரையும் அரச மரத்தடியில் அமர்த்தி, ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தார். மாலைக்குள் நால்வரும் மனப்பாடமாகச் சொல்லினர்.

திண்ணனாக நடித்த 16 வயது மாணவன் மற்றொரு கேள்வி கேட்டான். "சாமி மேல் காலை வைப்பது பாவம் இல்லையா ஐயா?" சில பெரியோரும் அதனை நீக்கிவிடலாம் என்றனர். குருக்கள் விளக்கினார்: "மேடையில் இருப்பது மண்பானை. அது பிரதிட்டை செய்த மூர்த்தம் அன்று. மேலும், இரண்டாம் கண்ணையும் தோண்டிய பின் பார்வை இராது, கை இடம் தவறிவிடக் கூடாது என்பதற்காக ஊன்றிய கால் அது. அதை எடுத்துவிட்டால் கண்ணப்பரே இல்லை." நூறு சொற்பொழிவுகளில் பெறாத விளக்கத்தை அம்மாணவன் அந்த ஒரு கேள்வியால் பெற்றான்.

இரண்டாம் கால பூசை முடிந்ததும் நாடகம் தொடங்கி 40 நிமிடங்கள் நடைபெற்றது. ஊனுக்குப் பதிலாக அவித்த மரவள்ளிக்கிழங்கு வைக்கப்பட்டது. வசனம் மறந்த இடங்களில், தெருக்கூத்தில் வரும் கட்டியங்காரனைப் போல் ஒருவர் நின்று கதையை இணைத்தார். குறைகள் இல்லாமல் இல்லை. ஆயினும் திண்ணன் காலை ஊன்றி அம்பை எடுத்த வேளையில் மண்டபத்தில் ஒரு சிறு பேச்சொலியும் எழவில்லை.

பிற ஆலயங்களுக்குச் சில குறிப்புகள்

மக்களே பங்கேற்று நடிக்கும் மரபு நம் ஆலயங்களுக்குப் புதிதன்று. சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் தீமிதித் திருவிழாவையொட்டிப் பாரதக் காட்சிகள் சடங்காகவே நிகழ்த்தப்பெறுகின்றன. எனவே எந்த ஆலயமும் தயங்க வேண்டியதில்லை. அனைவரும் அறிந்த புராணக் கதையைத் தெரிவு செய்க. எழுதிய வசனத்தை ஆலய குருக்களிடமோ சமய ஆசிரியரிடமோ காட்டி ஒப்புதல் பெறுக. உச்சி வேளைக்கு மேல் வசனத்தை மாற்றாதீர். தெய்வ வேடம் ஏற்போர் அன்று விரதம் காத்தல் நலம். ஒவ்வொரு குழுவிலும் ஒரு முதியவரும் ஒரு சிறுவரும் கட்டாயம் இருத்தல் வேண்டும்.

இறுதியாகக் கூறியதே முதன்மையானது. ஒரே நாளில் நாடகம் உருவாவதற்குக் காரணம், கதை யாரோ சிலர் நெஞ்சில் முன்பே இருப்பதுதான். அந்தச் சிலர் இப்பொழுது எழுபதைக் கடந்தவர்கள். திருவிழாக்களில் அவர்களை நாற்காலியில் அமர்த்திப் பொன்னாடை போர்த்துகின்றோம். அது போதாது. அவர்கள் கதை சொல்லவும், பிள்ளைகள் அதைத் தம் வாயால் பேசிப் பழகவும் ஆண்டிற்கு ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும். இன்னும் பத்தாண்டுகள் கழித்து ஒதுக்கினால், சொல்லித்தர எவர் இருப்பர்?

வரும் மகா சிவராத்திரிக்கோ நவராத்திரிக்கோ ஒவ்வோர் ஆலயமும் அந்த ஒரு நாளை இப்பொழுதே குறித்து வைக்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.