வளவுக்குள்ளே – 17: பேனும் தோல்முட்டையும்

ஊர்க்கோழி முட்டையைக் குறைத்தால் எங்கள் தீவுக் கிராமமான சரவணையில் முதல் பழி பேனின் மேல்தான் விழும். பாதி நியாயமான பழி.

பகலில் பேட்டைப் பிடித்து, செட்டையை விலத்திப் பார்த்துவிட்டு "ஒண்டுமில்லை" என்று விடுகிறவர்கள் அதிகம். இரத்தம் குடிக்கும் செம்பேன் பகலில் கோழியின் உடம்பில் தங்காது. கூட்டின் பனஞ்சலாகை வெடிப்பிலும், அடை வைக்கிற கடகத்தின் பின்னல் இடுக்கிலும் ஒளிந்திருந்து, இருட்டியபின் ஊர்ந்து வந்து குடித்துவிட்டுத் திரும்பிவிடும். இராத்திரி டோர்ச்சோடு போய், கோழி அடையும் தடியின் அடிப்புறத்தை வெள்ளைக் கடதாசியால் அழுத்தித் துடையுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் ஆள் அகப்பட்டான். பேட்டின் கொண்டை வெளிறுவதும் முட்டை நிற்பதும் இந்த இரத்த இழப்பால்தான்.

வெக்கைக் காலத்தில் ஒரு தலைமுறை வளர ஒரு கிழமை போதும். இரத்தமே கிடைக்காமல் மாதக்கணக்கில் உயிரோடும் இருக்கும். அதனால்தான் வெறுமையாய்க் கிடந்த கூட்டில் புதுக் குஞ்சு விட்டாலும் பேன் பிடிக்கிறது. அடைக்கோழி பாடுதான் பெரும்பாடு. 21 நாளும் அதே கடகத்தில் குந்தியிருக்க வேண்டும். கடி தாங்காமல் எழும்பிப் போகிற பேட்டை நாங்கள் திட்டுகிறோம்.

ஆகவே வைத்தியம் முதலில் கூட்டுக்கு. எச்சத்தைச் சுரண்டி, இடுக்கெல்லாம் கொதிதண்ணி ஊற்றி, வெயிலில் காயவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். பழைய கடகத்தை எரித்துவிடலாம். தப்பிய பேன்முட்டைகள் பொரித்திருக்கும் என்பதால் ஒரு கிழமையில் இன்னொரு தடவை. கோழி புழுதி குளிக்க அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழி.

தோட்டத்து மருந்தைக் கூட்டுக்கு அடிக்க வேண்டாம். 2017இல் நெதர்லாந்தில் இதே செம்பேனை ஒழிக்கப் போனவர்கள் மருந்தில் பிப்ரோனிலைக் கலந்தார்கள். அது முட்டைக்குள் ஏறி, இலட்சக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து திருப்பி எடுக்கப்பட்டன. புகையிலை அவித்த தண்ணியும் பேனைக் கொல்லும். அமெரிக்கப் பண்ணைகளில் ஒரு காலம் நிக்கொட்டின் கரைசலைத் தடிகளில் பூசினார்கள்தான். ஆனால் நிக்கொட்டின் தோல் வழியாகவும் ஏறும், பூசுகிறவருக்கும் சேர்த்து.

இவ்வளவும் செய்தால் கொண்டை சிவக்கும், பேடு திரும்ப முட்டையிடும். ஆனால் கோது கட்டாத தோல்முட்டை நின்று, கோது தடிக்குமா? அது வேறு கணக்கு.

ஒரு கோதுக்கு 2 கிராமளவு கல்சியம் வேண்டும். அதைக் கட்டி முடிக்க ஏறக்குறைய 20 மணித்தியாலம், பெரும்பகுதி இரவில். குறுணலும் தவிடும் தின்கிற பேட்டுக்கு அது கிடையாது. தன் எலும்பிலிருந்து கழற்றிக் கொடுக்கும். எங்கள் கரையில் மட்டிக்கோதுக்கா பஞ்சம்? கழுவிக் காயவைத்து நொறுக்கிப் போடலாம். மாவாக்கக் கூடாது. சிறு துண்டாக இருந்தால்தான் இரைப்பையில் தங்கி இரவிரவாகக் கரையும்.

"மட்டிக்கோதும் போட்டுப் பாத்திட்டன் தம்பி, பிறகும் தோல்முட்டைதான்" என்றார் பக்கத்து வளவு ஆச்சி. கோழிக்கு வைத்திருந்த சட்டித் தண்ணியை நாக்கில் தொட்டுப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணி, நல்ல உவர்.

"ஆச்சி, இதை நீங்கள் குடிப்பியளோ?"

"எனக்கென்ன விசரே? பவுசர் தண்ணி கிடக்கு."

"கோழிக்கு?"

"பின்னை, காசு குடுத்து வாங்கிற தண்ணியைக் கோழிக்கோ வைக்கிறது?"

உப்புத் தண்ணி கோதை என்ன செய்யும் என்பதைத்தான் 1980களில் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அங்கும் பல பண்ணைகளில் நிலத்தடி நீர் உப்பு. குடிநீரில் லீற்றருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக உப்புச் சேர்த்தபோதே வெடித்த, மெலிந்த கோதுகள் கூடின. நல்ல தண்ணிக்கு மாற்றியும் உடனே சீராகவில்லை. தீவுப்பகுதிக் கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் தீனையும் இனத்தையும் பற்றி நிறையச் சொல்கிறார்கள். கிணற்றைப் பற்றிக் கேட்டதில்லை.

ஆச்சி பவுசர் தண்ணி வைக்கச் சம்மதிக்கவில்லை. சோறு வடித்த கஞ்சியை, உப்புப் போடாமல், ஆறவிட்டு வைக்கிறார். அதுவும் அதே பவுசர் தண்ணிதான் என்று நான் சொல்லப் போகவில்லை. மாரியில் கூரைத் தண்ணி பிடிக்க ஒரு பரல் வைக்கலாம் என்று கதை நடக்கிறது.

கோது சுருங்கி, வெள்ளைக்கரு தண்ணியாய் ஓடி, கோழி இருமினால் பேனையும் கிணற்றையும் குறை சொல்லிக்கொண்டு நிற்காமல் மிருக வைத்தியரிடம் போங்கள். கழுத்துத் திருகுகிற வெள்ளைக்கழிச்சலைப் பற்றி அடுத்த கிழமை.