வேளாண்மை படிக்கும் பிள்ளைக்கு வேலை ஆலோசனை: இரண்டாம் ஆண்டிலேயே போய்க் கேட்கச் சொல்லுங்கள்

மண், விதை, மருந்து என்று எழுதும் இந்தப் பக்கத்தில் இன்று உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன். மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பக்கம் பயிற்சிக் கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் தனியாக வந்து, "சார், பையன் பி.எஸ்சி. அக்ரி மூணாவது வருஷம். முடிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்பது வழக்கம். நகையை அடகு வைத்துப் படிக்க வைப்பவருக்கு இது சின்னக் கேள்வி இல்லை.

பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே வழி டி.என்.பி.எஸ்.சி. வேளாண்மை அலுவலர் தேர்வு. நல்ல வேலைதான், எழுதட்டும். ஆனால் அதை மட்டும் நம்பி நான்கைந்து வருடம் உட்கார்ந்தால் மற்ற வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபடும். பொதுத்துறை வங்கிகளில் வேளாண் கள அலுவலர் வேலைக்கு, நான்கு வருட வேளாண் பட்டம் படித்தவர்களுக்கென்றே ஐ.பி.பி.எஸ். தேர்வு நடக்கிறது. அதற்குப் பொதுப்பிரிவில் 30 வயதுதான் உச்சவரம்பு. பிற்பட்டோருக்கு 3 வருடமும் பட்டியல் இனத்தவருக்கு 5 வருடமும் சலுகை உண்டு. இந்திய உணவுக் கழகமும் தானியத்தின் தரம் பார்க்கும் வேலைக்கு பி.எஸ்சி. வேளாண்மை படித்தவர்களை எடுக்கிறது.

இனி உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பதைப் பாருங்கள். ராயபுரத்தை ஒட்டிச் சென்னைத் துறைமுகம். திருவொற்றியூர் தாண்டினால் எண்ணூரில் காமராசர் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டிகளில் வேளாண் பட்டதாரிக்கு வேலை இருக்கிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

பர்மா உளுந்து கப்பலில் வந்து இறங்குகிறது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, வெளிநாட்டுப் பூச்சியும் நோயும் உள்ளே வராமல் பார்த்துத்தான் அதை விடுவிக்க வேண்டும். இங்கிருந்து போகும் விளைபொருளுக்கும் நோயற்றது என்ற சான்று வேண்டும். சரக்கை அடுக்கும் மரச்சட்டத்துக்குக்கூடச் சட்டம் உண்டு. மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிடம் நிற்க வேண்டும், அல்லது புகைமூட்டம் செய்ய வேண்டும். அதன்பிறகுதான் கதிர் முத்திரை குத்துவார்கள்.

இந்தப் புகைமூட்டத்தை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையின் ஆபத்து உங்களுக்கே தெரியும். துறைமுகத்தில் பயன்படும் மீதைல் புரோமைடு வாயு அதற்குச் சளைத்ததல்ல, நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால் வணிக முறையில் பூச்சிக்கட்டுப்பாடு செய்யும் உரிமம் பெற, வேளாண் பட்டமோ வேதியியலுடன் கூடிய அறிவியல் பட்டமோ படித்த ஒருவர் வேண்டும் என்று பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. அவர் மைசூரு, ஹாபூர், ஐதராபாத் நிறுவனங்களில் ஒன்றில் குறைந்தது 15 நாள் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். அதாவது உங்கள் பிள்ளையின் பட்டத்தைச் சட்டமே கேட்கிறது. இது தெரியாமல் எத்தனையோ பேர் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சம்பந்தமில்லாத வேலைக்குப் போகிறார்கள்.

மணலியில் 1971 முதல் இயங்கும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸின் 'விஜய்' யூரியாவை நீங்கள் வாங்கியிருக்கலாம். எண்ணூரிலும் உர ஆலை உண்டு. மூட்டை ஆலையிலிருந்து உங்கள் வயலுக்கு வருவதற்குள் சிபாரிசு, செயல்விளக்கத் திடல், விற்பனை என்று பல கட்டம் இருக்கிறது. உரக் கம்பெனிகள் இவற்றுக்கு வேளாண் பட்டதாரிகளை எடுப்பது வழக்கம். விற்பனை வேலை என்றால் நம் வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். முகம் சுளிக்க அதில் ஒன்றும் இல்லை. அலைச்சல் அதிகம் என்பது மட்டும் உண்மை.

மீன்வளம் படிக்கும் பிள்ளை என்றால் பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகமும் கூப்பிடு தூரம்தான்.

இதையெல்லாம் பிள்ளைக்கு யார் சொல்வது? கல்லூரியில் வேலைவாய்ப்பு மையம் இருக்கும். ஆலோசனை சொல்லும் பொறுப்பில் ஆசிரியரும் இருப்பார். கம்பெனிகள் வளாகத் தேர்வுக்கு வரும் கடைசி வருடத்தில்தான் அங்கே போக வேண்டும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அமெரிக்க வேளாண் கல்லூரிகளில் இதற்கென்றே சில மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் எந்த வருட மாணவரும் நுழைந்து பத்துப் பதினைந்து நிமிடம் பேசிவிட்டுப் போகலாம். நம் ஊரில் அறிவிப்புப் பலகை இல்லாவிட்டாலும், வகுப்பு முடிந்த பிறகு போய் நின்றால் விரட்டுகிற ஆசிரியர் குறைவு.

ஆனால் "எனக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "பூச்சியியலில் ஆர்வம் இருக்கிறது, புகைமூட்டப் பயிற்சிக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?", "தொழிற்சாலைப் பயிற்சிக்கு மணலிப் பக்கம் இடம் கேட்கலாமா?", "நம் கல்லூரியில் படித்து உரக் கம்பெனியில் இருப்பவர் யாரிடமாவது பேச முடியுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டாம் வருடத்திலேயே கேட்டால், எந்தப் பயிற்சிக்குப் போவது என்று தீர்மானிக்க நேரம் இருக்கும். பெண் பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள். துறைமுக வேலை ஆண்களுக்கு என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். சோதனைக்கூடமும் சான்றுப் பணியும் அங்கே உண்டு.

சொந்தத் தொழில் எண்ணம் இருந்தால் வேளாண் மருத்துவ மையத் திட்டம் 2002 முதல் நடப்பில் இருக்கிறது. 45 நாள் பயிற்சி இலவசம். தனிநபருக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்குப் பொதுப்பிரிவில் 36 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 44 சதவீதமும் மானியம் உண்டு.

கடைசி வருட மாணவர்கள் கிராமத் தங்கல் பயிற்சிக்கு உங்கள் ஊருக்கே வருவார்கள். அவர்களை உங்கள் பிள்ளையோடு பேச வையுங்கள். திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு விதை வாங்க வரும்போது பிள்ளையையும் மதிப்பெண் பட்டியலோடு அழைத்து வாருங்கள். அங்கிருக்கும் விஞ்ஞானிகளும் இதே படிப்பைப் படித்துவிட்டு வந்தவர்கள்தான்.