கருவிக்கு ஓர் இடம்: முதல் மழையில் வேலை தடைபடாமல் இருக்க எளிய பட்டறை

ஜவ்வாது மலையில் ஆனி, ஆடியில் நல்ல மழை ஒன்று பெய்தால், சாமை விதைக்க மண்ணில் பதம் நிற்பது சில நாட்கள்தான். திருப்பத்தூர் மாவட்டத்தின் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு பகுதிகளில் சரிவான மானாவாரி நிலமே அதிகம். டிராக்டர் இறங்க முடியாத துண்டு நிலங்களில் ஏர், மண்வெட்டி, களைக்கொத்து, சிறிய பவர் வீடர் ஆகியவற்றை நம்பியே வேலை நடக்கிறது. பதம் இருக்கும் நாளில் மண்வெட்டியின் காம்பு ஆடினாலோ, வீடரின் கத்தியைக் கழற்றும் ஸ்பேனர் காணாமல் போனாலோ, மலையிறங்கி திருப்பத்தூர் கடைவீதிக்குப் போய்த் திரும்புவதிலேயே பாதி நாளுக்கு மேல் கரைந்துவிடும். விதைத்து 15 முதல் 20 நாளில் முதல் களை எடுக்க வேண்டும். அப்போதும் இதே கதை நடந்தால் களை முந்திக்கொள்ளும்.

இந்த இழப்பைத் தவிர்க்கப் பெரிய செலவு தேவையில்லை. வீட்டுத் திண்ணையிலோ மாட்டுக் கொட்டகையின் ஓரத்திலோ எட்டடிக்கு ஆறடி இடமும், ஒருநாள் உழைப்பும் போதும்.

முதலில் பிரியுங்கள்

வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளையும் வாசலில் கொண்டுவந்து பரப்புங்கள். கூரை இறவாரத்தில் செருகிய அரிவாள், கட்டிலுக்கு அடியில் கிடக்கும் கடப்பாரை, விதைச் சாக்கின் மேல் வைத்த சுத்தியல் என ஒன்றையும் விடாதீர்கள். பிறகு மூன்று குவியலாகப் பிரியுங்கள். வாரம் ஒருமுறையாவது எடுப்பவை முதல் குவியல். உழவு, அறுவடை போன்ற பருவத்துக்கு மட்டும் எடுப்பவை இரண்டாவது. உடைந்தவையும், இனி பயன்படாதவையும் மூன்றாவது. மூன்றாவது குவியலில் சரிசெய்யக் கூடியதைக் கொல்லுப் பட்டறைக்கு அனுப்புங்கள். மற்றதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் 'ஐந்து எஸ்' என்றொரு முறை உண்டு. வேண்டாததைப் பிரித்தல், இருப்பதை அடுக்குதல், துப்புரவு செய்தல், ஒரே முறையாக வைத்தல், அதைப் பழக்கமாக்குதல் என்பவை அதன் ஐந்து படிகள். அங்கும் முதல் படி பிரிப்பதுதான். வேண்டாததையும் சேர்த்து அடுக்கினால் எவ்வளவு இடம் இருந்தாலும் போதாது.

சுவரே அலமாரி

தரையில் வைத்த கருவி மண்ணின் ஈரத்தை வாங்கித் துருப்பிடிக்கும், காலில் இடறும். ஆகவே முடிந்தவரை சுவரில் தொங்கவிடுங்கள். சுவரில் இரண்டு மரச்சட்டங்களைக் கிடைமட்டமாக அடித்து, அவற்றில் ஆணியோ கொக்கியோ பொருத்தினால் மண்வெட்டி, களைக்கொத்து, கோடாலி எல்லாம் அடங்கிவிடும். கடப்பாரை, கூந்தாலம் போன்ற கனமானவற்றைக் கீழ்ச்சட்டத்தில் வையுங்கள். தலைக்கு மேல் கனமான பொருள் எதுவும் வேண்டாம். பழைய டியூபை வெட்டிய வளையமும், மூங்கில் துண்டும், பி.வி.சி. குழாயின் மிச்சமும் காம்புகளைப் பிடித்து நிறுத்த நன்றாக உதவும்.

ஒவ்வொரு கருவியையும் மாட்டிய பிறகு அதன் உருவத்தைச் சுற்றிச் சுவரில் சுண்ணாம்பாலோ பெயிண்டாலோ கோடு வரையுங்கள். மாலையில் ஒரு பார்வை பார்த்தால், எந்தக் கோட்டுக்குள் கருவி இல்லையோ அது வயலில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அறுவடைக்குப் பின் தாளுக்குள் மறந்துவிட்ட அரிவாள் மாட்டின் வாயையோ பிள்ளையின் காலையோ காயப்படுத்தும். காம்பின் நுனியில் சிவப்பு அல்லது மஞ்சள் பெயிண்ட் பூசினால் புல்லுக்குள்ளும் கண்ணில் படும்.

அரிவாளையும் வெட்டுக்கத்தியையும் கூரையில் செருகும் பழக்கத்தை விடுங்கள். மழையில் நனைந்த கூரைப் புல் இரும்பை விரைவில் அரிக்கும். குழந்தைகளின் தலை உயரத்தில் வெட்டுமுனை நீட்டிக்கொண்டிருப்பது ஆபத்து. பழைய குழாயை நீளவாக்கில் கீறி முனையில் செருகிவிட்டு, எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். கருக்கரிவாளைத் தனியாக வையுங்கள். அதன் பற்கள் மற்ற இரும்பில் உரசினால் மழுங்கிவிடும்.

வேலை மேசை

காம்பு போட, அரம் தேய்க்க, தெளிப்பானைப் பிரிக்க ஒரு மேசை வேண்டும். தரையில் குந்தி வேலை செய்தால் முதுகு வலிக்கும், கழன்ற சின்ன வாஷர் மண்ணில் தொலையும். மேசையின் உயரத்துக்கு உங்கள் முழங்கையே அளவு. நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். மேசைப் பரப்பு அதற்கு ஒரு சாண் கீழே இருந்தால் சுத்தியல், ரம்ப வேலைக்குச் சரியாக இருக்கும். நடுத்தர உயரம் உள்ளவருக்கு இது ஏறக்குறைய 80 முதல் 85 சென்டிமீட்டர். வைஸ் பொருத்தினால் அதன் தாடை முழங்கை உயரத்தில் வரட்டும். புளி, வேம்பு போன்ற கடினமான மரப் பலகை அடியைத் தாங்கும். மேசையைச் சுவரோடு இறுகக் கட்டுங்கள். மேசை ஆடினால் அரம் நேராக ஓடாது. வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுவது வலக்கைக்காரருக்கு வசதி.

மேசைக்கு மேலே கை எட்டும் தூரத்தில் அடிக்கடி தேவைப்படுபவை இருக்கட்டும். ஸ்பேனர்களை அளவு வரிசையில், 10-11, 12-13, 14-15, 16-17 என்று மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் எண்ணை எழுதுங்கள். நட்டு, போல்ட்டு, நாசில், வாஷர் ஆகியவற்றுக்கு மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில்கள் போதும். மூடியை அலமாரிப் பலகையின் அடியில் ஆணியடித்து, பாட்டிலை அதில் திருகித் தொங்கவிட்டால் மேசையில் இடம் மிச்சம். உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியிலிருந்தே தெரியும்.

துருவைத் தடுக்க

பனியும் தூறலும் உள்ள மலைக் காலையில் குளிர்ந்த இரும்பின் மேல் நீர்த்துளி படியும். துரு அங்கேதான் தொடங்கும். வேலை முடிந்ததும் மண்ணைச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தடவி மாட்டுங்கள். இன்னும் எளிய வழி, பத்து லிட்டர் வாளியில் முக்கால் பங்கு உலர்ந்த மணலை நிரப்பி, அரை லிட்டர் புதிய என்ஜின் ஆயிலைக் கலந்து வைப்பது. மண்வெட்டியை இரண்டு மூன்று முறை அதில் குத்தி எடுத்தால் மண்ணும் போகும், எண்ணெயும் பூசப்படும். சாமை, ராகி அறுக்கும் அரிவாளுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலைக் கருவியில் பூசாதீர்கள். அது தோலுக்குக் கெடுதல்.

காம்பை உப்புத்தாளால் தேய்த்து லின்சீட் ஆயிலை ஆண்டுக்கு இருமுறை தடவினால் விரிசல் குறையும், கை கொப்பளிக்காது. எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெயிலில் காயவைத்துப் பிறகு அப்புறப்படுத்துங்கள்.

மருந்து, உரம், பெட்ரோல் தனியே

பட்டறையில் எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாதவை மூன்று. முதலாவது பூச்சிமருந்து. அதைப் பூட்டிய தனிப் பெட்டியில், வாங்கிய பாட்டிலிலேயே, சீட்டு கிழியாமல் வையுங்கள். சீட்டில் உள்ள முக்கோணம் நஞ்சின் கடுமையைச் சொல்கிறது. சிவப்பு மிகக் கொடிது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. குளிர்பானப் பாட்டிலில் மருந்தை மாற்றி ஊற்றுவது உயிரைப் பறிக்கும் பழக்கம். களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பானே பாதுகாப்பு. தெளிப்பானை மூன்று முறை கழுவி, மூடியைத் திறந்து தலைகீழாகத் தொங்கவிடுங்கள். கழுவிய நீர் ஓடையில் சேரக் கூடாது.

இரண்டாவது உரம். யூரியா காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பொட்டாஷில் உள்ள குளோரைடு இரும்பை வேகமாக அரிக்கும். உரச் சாக்கின் பக்கத்தில் வைத்த ஸ்பேனர் ஒரே மழைக்காலத்தில் துருவேறிப்போவது இதனால்தான்.

மூன்றாவது பெட்ரோல். அடுப்பு, மின்சுவிட்ச் இருக்கும் பக்கம் அது வேண்டாம். இரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டாத வீடரின் டேங்கை வடித்துவையுங்கள். இல்லாவிட்டால் பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும்.

இரவலும் ஒழுங்கும்

மலைக் கிராமங்களில் கருவியை இரவல் கொடுப்பது இயல்பு. அது நல்லதும்கூட. கதவில் ஒரு சிலேட்டை மாட்டி, கருவியின் பெயரையும் வாங்கியவர் பெயரையும் எழுதி வையுங்கள். திருப்பிக் கேட்கும் சங்கடம் குறையும். ஐந்தாறு வீடுகள் சேர்ந்து வைஸ், சாணைக்கல், பெரிய ஸ்பேனர் செட் போன்றவற்றைப் பொதுவாக வாங்கினால் ஒவ்வொருவரும் தனித்தனியே செலவழிக்க வேண்டியதில்லை. வேளாண்மை அலுவலர்களும் உழவர் குழுக் கூட்டங்களில் இதை எடுத்துச் சொல்லலாம்.

ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழுவித் துடைத்து வைக்கும் வழக்கம் நம் பல வீடுகளில் உண்டு. அதே வேலையை மாதம் ஒருமுறை, அரைமணி நேரம் செய்யுங்கள். ஆடிய காம்பை அன்றே இறுக்குங்கள், மழுங்கிய முனையை அன்றே தீட்டுங்கள். வைகாசி முடிவதற்குள் ஏர்க்கொழு, மண்வெட்டி, வீடர் மூன்றும் தயாராக இருக்கட்டும். புரட்டாசி தொடங்கும்போது அறுவடை அரிவாள்களைப் பாருங்கள். முதல் மழை பெய்த மறுநாள் காலையில் எதையும் தேடாமல் நேராக நிலத்துக்கு இறங்கலாம்.