மங்கிய வினைல் ஷட்டர்களுக்கு மீண்டும் வண்ணம் பூசுதல்

நியூ ஜெர்சியின் புறநகர் வீடுகள் பலவற்றில் சன்னலின் இருபுறமும் அழகுக்காகப் பொருத்தப்படும் வினைல் பலகைகளே ஷட்டர்கள். சூரியனின் புறஊதாக் கதிர்கள் வினைலின் மேற்பரப்பைச் சிதைப்பதால், நாளடைவில் அவை வெளிறுகின்றன. தொட்டால் வெண்ணிறத் தூள் கையில் ஒட்டும். விரிசலோ நெளிவோ இல்லையெனில், புதியன வாங்க வேண்டியதில்லை. வண்ணம் பூசினால் போதும்.

வண்ணத் தேர்வு

அடர்நிறம் வெயிலின் வெப்பத்தை மிகுதியாக ஈர்க்கும். அவ்வெப்பத்தால் நெளிந்த வினைல் மீண்டும் நேராவதில்லை. எனவே, முதலில் இருந்த நிறத்தைவிட அடர்த்தியான நிறத்தைத் தவிர்க்கவும். வெயில் படாத பின்புறத்தில் அந்த நிறத்தைக் காணலாம். அடர்நிறமே வேண்டுமெனில், வினைலுக்கு உகந்தது எனக் குறிக்கப்பட்ட பூச்சையே வாங்கவும். வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்புகளில், முன்னதாகவே எழுத்துவழி ஒப்புதல் பெறவும்.

தூய்மையும் பூச்சும்

இயன்றால் ஷட்டர்களைக் கழற்றிக் கீழே வைத்துப் பணி செய்யவும். பின்புறம் குளவிக்கூடு இருக்கக்கூடும், முதலில் கவனிக்கவும். 30 பங்கு வினிகர், 70 பங்கு தண்ணீர் கலந்து, மென்மையான தூரிகையால் தூள் முழுவதும் நீங்கத் தேய்த்துக் கழுவி உலர்த்தவும். வினிகருடன் பிளீச்சைச் சேர்க்கலாகாது. நச்சு வாயு வெளிப்படும். தூள் எஞ்சினால் பூச்சு விரைவில் உரியும். பின்னர், வெளிப்புறத்துக்கான அக்ரிலிக் பூச்சை நேர்வெயில் இல்லாத வேளையில் மெல்லியதாக இருமுறை பூசவும். தூரிகை கழுவிய நீரை மழைநீர் வடிகாலில் ஊற்றலாகாது.

பழைய மர ஷட்டர்கள்

1978க்கு முன் கட்டப்பட்ட வீட்டின் மர ஷட்டர்களில் உள்ள பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். அத்தூள் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அவற்றைத் தாமே சுரண்டாமல், கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஈயச் சான்று பெற்ற ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கவும்.

ஒப்பந்ததாரரை அமர்த்தும்போது

அவர் மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவில் பதிவு பெற்றவரா என்பதை உறுதி செய்துகொள்ளவும். 500 டாலருக்கு மேற்பட்ட வீட்டு மேம்பாட்டுப் பணிக்கு எழுத்துவழி ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஒப்பந்த நகலைப் பெற்றபின் மூன்றாம் வேலைநாள் நள்ளிரவுக்குள் அதனை ரத்து செய்யும் உரிமை தங்களுக்கு உண்டு. வாய்மொழி உறுதியை மட்டும் நம்பி முன்பணம் அளிக்க வேண்டாம்.