சங்கிலியின் மறுமுனை

மேய்ச்சலுக்கு ஆடு கட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும், கயிறு அறுந்து ஆடு போவது அபூர்வம். முளைக்குச்சிதான் பிடுங்கிக்கொண்டு வரும். அதுவும் மழை விட்ட மறுநாள் என்றால் கேட்கவே வேண்டாம். வட அமெரிக்காவில் ரக்கூன் பிடிப்பவர்களுக்கும் இதே தலைவலிதான். ஆனால் அங்கே முளை பிடுங்கினால் கதை வேறு மாதிரி முடியும். காலைக் கவ்விய இரும்போடும் பின்னால் இழுபடும் சங்கிலியோடும் அந்த விலங்கு புதருக்குள் போய்விடும். பொறி வைத்தவருக்கும் பயனில்லை, அதற்கும் விடுதலை இல்லை.

ரக்கூன் நம் காடுகளில் இல்லாத விலங்கு. மரநாயைவிடச் சற்றுப் பெரியது. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வாலில் வளையங்கள். வளர்ந்த ரக்கூன் பெரும்பாலும் 4 முதல் 9 கிலோ வரை இருக்கும். மக்காச்சோளக் கொல்லை, கோழிக்கூடு, குப்பைத்தொட்டி எதையும் விட்டுவைக்காது. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் வெறிநோயைப் பரப்பும் முக்கியமான காட்டு விலங்குகளில் அதுவும் ஒன்று. ரோமத்துக்காகவும் பிடிக்கிறார்கள். 1920களில் அந்நாட்டுக் கல்லூரி மாணவர்களிடையே ரக்கூன் தோல் கோட்டு ஒரு பெரிய மோகமாக இருந்தது.

அதன் கைகளைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கால் என்று எழுதக் கை வரவில்லை, அவை கைகளேதான். 'ரக்கூன்' என்ற பெயரே வர்ஜீனியாவின் பௌஹாட்டன் பழங்குடியினரின் சொல்லிலிருந்து வந்தது. கையால் தேய்ப்பது, சுரண்டுவது என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். 1959இல் வெல்கர், சைடன்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் ரக்கூனின் மூளையில் தொடுவுணர்வுப் பகுதியை வரைபடமாக்கினார்கள். அதில் பெரும்பங்கு முன்னங்கைகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் இருந்தது. இருட்டில், தண்ணீருக்கடியில், பார்க்காமலே நண்டைத் தடவி எடுக்கும் திறமை அங்கிருந்துதான் வருகிறது. பொறி கவ்வுவதும் அதே கையைத்தான்.

காற்பொறியின் அமைப்பு எளிது. நடுவில் ஒரு தட்டு, இரு பக்கமும் தாடை, தாடையை மூடும் வில். 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த சூவல் நியூஹவுஸ் என்பவர் இதை நேர்த்தியாகச் செய்து பேர் வாங்கினார். அவர் சேர்ந்திருந்த ஒனைடா சமூகம் பொறி விற்ற பணத்தில் செழித்தது. அதே ஒனைடா பிற்காலத்தில் கரண்டிக்கும் முள்கரண்டிக்கும் பெயர் போனது வேடிக்கை. பொறியைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாடையையும் வில்லையும் பற்றித்தான் பேசுவார்கள். சங்கிலியின் மறுமுனை எதில் கட்டப்பட்டிருக்கிறது என்பது மண்ணுக்குள் கிடப்பதாலோ என்னவோ, யார் கண்ணிலும் படுவதில்லை.

பலரும் பயன்படுத்துவது கான்கிரீட்டுக்குப் போடும் முறுக்குக் கம்பி. அரை அங்குலக் கனத்தில், ஒன்றரை அடியிலிருந்து இரண்டரை அடி வரை வெட்டி, தலையில் ஒரு நட்டைப் பற்றவைத்து, சம்மட்டியால் அறைவார்கள். பக்கவாட்டில் இழுத்தால் கம்பியின் முழு நீளத்துக்கும் மண் சுவர்போல எதிர்த்து நிற்கும். மேலே இழுத்தால் அந்தச் சுவர் உதவாது. கம்பியின் உடம்பும் மண்ணும் உரசும் உராய்வு ஒன்றுதான் பிடித்துவைக்கும். ரக்கூன் நேராக ஒரே பக்கம் இழுத்தால் தொல்லையில்லை. அது சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி கொஞ்சம் ஆடும், துளை கொஞ்சம் அகலும். அகன்ற துளையில் உராய்வு எங்கே இருக்கும்?

மழை பெய்தால் நிலைமை இன்னும் மோசம். மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவதால்தான் உராய்வு உண்டாகிறது. இடைவெளிகளில் நீர் நிறைந்துவிட்டால் அந்த அழுத்தத்தில் ஒரு பகுதியை நீரே தாங்கிக்கொள்கிறது. துகளுக்குத் துகள் பிடி தளர்கிறது. நேற்று களிமண்ணில் அசையாமல் நின்ற கம்பி இன்று கையோடு வருவதற்குக் காரணம் இதுதான். மணல் நிலத்தில் மழையே வேண்டாம், ஒற்றைக் கம்பி முதலிலிருந்தே சந்தேகம்தான்.

இதற்கு அனுபவசாலிகள் கண்ட வழி இரட்டைக் கம்பி. இரண்டு கம்பிகளைச் சாய்வாக, ஒன்றுக்கொன்று குறுக்காக அறைந்து, தலைகளை ஒரே இணைப்பில் பூட்டிவிடுவார்கள். இப்போது நேர் மேலே இழுத்தால் எந்தக் கம்பியும் தன் துளை வழியே வெளியேற முடியாது. ஒன்றின் வழி இடப்பக்கச் சாய்வு, மற்றதன் வழி வலப்பக்கச் சாய்வு, இழுவையோ நடுவில். மேல்நோக்கிய இழுப்பைப் பக்கவாட்டு இழுப்பாக மாற்றி, மண் எந்தத் திசையில் வலுவாக எதிர்க்குமோ அந்தத் திசையில் மோதவிடும் தந்திரம் இது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. எஃகு வடத்தின் நுனியில் விரல் நீளத்தில் ஓர் உலோகத் துண்டு. அதில் கடப்பாரை மாதிரி ஒரு கோலைச் செருகி மண்ணுக்குள் அறைந்து, கோலை மட்டும் உருவிவிடுவார்கள். பிறகு வடத்தை வெடுக்கென்று மேலே இழுத்தால் உள்ளே அந்தத் துண்டு குறுக்காகப் புரண்டு படுத்துக்கொள்ளும். இனி அது வெளியே வர வேண்டுமானால் தலைக்கு மேலிருக்கும் மண்ணைத் தூக்கியாக வேண்டும்.

எவ்வளவு மண்? ஒரு கணக்குப் போடலாம். துண்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவத்தில் மண் பெயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை விரிவு, கன மீட்டருக்கு 1,600 கிலோ மண். 45 சென்டிமீட்டர் ஆழத்தில் அந்தக் கூம்பின் எடை சுமார் 50 கிலோ. 60 சென்டிமீட்டருக்குப் போனால் 120 கிலோ. கூம்பின் கனஅளவு ஆழத்தின் மும்மடிக்கு ஏற்றபடி வளர்வதால், ஆழம் இரு மடங்கானால் மண்ணின் எடை எட்டு மடங்காகும். இது காகிதக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். துண்டு மிகச் சிறியதாக இருந்தாலோ மண் சேறாக இருந்தாலோ கூம்பு முழுதாகப் பெயராது. மண் துண்டைச் சுற்றி வழிந்து இடம்விடும். ஆனாலும் 7 கிலோ விலங்குக்கு எதிராக மனிதன் கையில் எவ்வளவு லாபம் இருக்கிறது என்பது புரியும்.

லாபம் அதிகமாகிவிட்டால் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. அசையவே அசையாத முளையில் மோதும் கை என்னாகும்? 7 கிலோ ரக்கூன் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடிச் சங்கிலியின் எல்லையில் சுண்டி நிற்கிறது என்போம். ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றால், கையில் விழும் சராசரி விசை சுமார் 320 கிலோ எடைக்குச் சமம். நடுவே ஒரு சுருள்வில் இருந்து பத்து சென்டிமீட்டர் நீண்டு கொடுத்தால் அது 32 கிலோவாகக் குறையும். சங்கிலி குட்டையாக இருந்தால் ஓடி வேகம் எடுக்கவே இடம் இருக்காது. எனவே குட்டைச் சங்கிலி, நடுவில் ஒரு வில், இரு முனையிலும் தடையின்றிச் சுழலும் திருகு. திருகு இல்லாவிட்டால் ரக்கூன் சுற்றச் சுற்றச் சங்கிலி முறுக்கேறி, அந்த முறுக்கு மணிக்கட்டில் போய் முடியும்.

முளையே அடிக்காத வழியும் உண்டு. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டியைப் போன்ற கொக்கியை ஏழெட்டு அடிச் சங்கிலியில் கட்டிச் சும்மா விட்டுவிடுவது. விலங்கு இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போகும், கொக்கி புதரில் மாட்டும். அசையாத ஒன்றில் கட்டினால் பலமான விலங்கு திமிறியே விடுபட்டுவிடும், கூடவே நகரும் கட்டையில் கட்டினால் வீரியம் அடங்கும் என்பது பழைய பொறிக்காரர்களின் கணக்கு. நரிக்கு அது சரியாக இருக்கலாம். ரக்கூன் மரம் ஏறும் ஜாதி. கொக்கியோடு ஏறி, கிளையில் சங்கிலி சுற்றிக்கொண்டு அந்தரத்தில் தொங்கினால் பொறிக்காரர் என்ன செய்வார்? மரத்தடியில் கம்பி சுற்றிக் கட்டுவதிலும் இதே கோளாறு. இரண்டு சுற்றில் சங்கிலி அடிமரத்தோடு இறுகிப்போகும், திருகு வேலை செய்யாது. அதனால்தான் சங்கிலி எட்டும் வட்டத்துக்குள் செடி, வேர், வேலி எதுவும் இருக்கக் கூடாது என்கிறார்கள்.

இப்போது பரவலாக இருப்பது குழாய்ப் பொறி. குறுகிய வாயுள்ள சிறு குழாயின் அடியில் இனிப்பு. கையை விட்டுத் துழாவி இழுக்கும் விலங்கு மட்டுமே மாட்டும், நாய் மாட்டாது. மரத்துப்போன கையை ரக்கூன் தானே கடித்துக்கொள்வது திறந்த தாடைப் பொறிகளின் பெரிய கேடு. குழாய்க்குள் இருக்கும் கையை வாய் எட்டாது. இந்தப் பொறியின் அடியில் ஒரு கூர்முனை இருக்கும். புதியவர்கள் அதைத்தான் முளை என்று நினைத்து மண்ணில் குத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது பொறி சாயாமல் நிற்க வைத்த முனை, அவ்வளவுதான். பிடித்துவைப்பதற்குத் தனி முளை வேண்டும்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுத்த இடங்களும் உண்டு. பிரிட்டனில் இங்கிலாந்தும் வேல்ஸும் 1958இல் பழைய பல் பொறியைத் தடைசெய்தன. ஐரோப்பிய ஒன்றியம் 1995இல் காற்பொறியை விலக்கியது. கலிபோர்னியாவில் 1998இல் வாக்கெடுப்பு நடத்தியே தடுத்தார்கள். அனுமதிக்கும் மாநிலங்கள் பலவற்றில் நாளுக்கு ஒரு முறை பொறியைப் போய்ப் பார்த்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. என் கட்சியைக் கேட்டால், கூண்டு போதுமான இடத்தில் காற்பொறிக்கு வேலையில்லை. வைத்தே ஆக வேண்டும் என்றால், முளையை இரு கையாலும் பிடித்து முழு பலத்தோடு மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். அது ஒரு விரற்கடை அசைந்தாலும் அன்று அந்த இடத்தில் பொறி வைக்கக் கூடாது.