குடலிறக்க அறுவை: திறந்த முறையும் துளை முறையும்

வயிற்றின் உள்ளுறுப்புகளைத் தாங்கி நிற்பது தசைச் சுவர். அச்சுவரில் ஓரிடம் நலிவுற்றால், குடலோ கொழுப்போ அவ்வழியே பிதுங்கி வெளிப்படும். இதுவே குடலிறக்கம். ஆடவர்க்குப் பெரும்பாலும் தொடையிடுக்கில் தோன்றும். கருவிலே விரை கீழிறங்குவதற்கு வழிவிட்ட இடம் அங்கு இயல்பாகவே மெலிந்திருப்பதே காரணம். நிற்கும்போதும் இருமும்போதும் வீக்கம் தெரியும். படுத்தால் பெரும்பாலும் மறையும். வளர்ந்தோர்க்கு இது தானாக ஆறுவதில்லை, மருந்தாலும் மறைவதில்லை. சுவரைச் செப்பனிடுவதே தீர்வு.

செப்பனிடும் கலை படிப்படியாக வளர்ந்தது. 1880களில் இத்தாலிய மருத்துவர் பாசினி, தசையடுக்குகளை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்த்துத் தைத்தார். இழுத்துத் தைத்த இடம் எப்போதும் விறைப்பாகவே நிற்பதால், தையல் தளர்ந்து நோய் மீள்வதுண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் அஷர், செயற்கை இழையாலான வலையைக் கையாளத் தொடங்கினார். 1980களில் லிக்டென்ஸ்டைன், தசையை இழுக்காது, கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவதுபோல் வலையைப் பரப்பித் தைக்கும் முறையை நிலைநாட்டினார்.

இன்று பெரிதும் வழங்கும் திறந்த முறை அதுவே. தொடையிடுக்கில் சில அங்குல நீளம் கீறி, வலையை முன்புறமாக வைப்பர். அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தும் இதனைச் செய்யலாம். ஆதலால் இதயமோ நுரையீரலோ நலிந்த முதியோர்க்கு இது ஏற்றது.

துளை முறை 1990களின் தொடக்கத்தில் பரவியது. பொதுவாக மூன்று சிறு துளைகள் இட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்கி, ஒளிப்படக் குழாய் காட்டும் காட்சியைத் திரையில் கண்டு, சுவரின் பின்புறத்தே வலையைப் பரப்புவர். வயிற்றின் உள்ளழுத்தமே அவ்வலையைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். வலி குறைவு, வேலைக்கு விரைவில் திரும்பலாம். ஆயினும் பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டும், செலவும் மிகும், கற்றுத் தேறவும் நாளாகும்.

இக்கடைசிக் குறை சிறிதன்று. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் பதினான்கில் நடந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஈராண்டுக்குள் நோய் மீண்டவர்கள், துளை முறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேர். திறந்த முறையில் 5 பேர். ஆனால் 250க்கு மேற்பட்ட துளை அறுவைகளைச் செய்து பழகிய மருத்துவரிடம், துளை முறையிலும் மீட்சி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. கருவியின் புதுமையினும் கையின் பயிற்சியே பெரிது என்பது இதனால் விளங்கும்.

2018இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டுதலும் எல்லார்க்கும் ஒரே முறை என விதிக்கவில்லை. இருபுறமும் இறக்கம் உள்ளவர்க்கும் பெண்டிர்க்கும், தேர்ந்த மருத்துவர் இருப்பின், துளை முறை சிறக்கும். முன்புறம் செப்பனிட்டும் மீண்ட நோய்க்குப் பின்புற வழியும், பின்புறம் செப்பனிட்டு மீண்டதற்கு முன்புற வழியும் பொருந்தும். தழும்பேறிய இடத்தை மறுபடி கீறுவது இவ்வாறு தவிர்க்கப்படும்.

தொல்லை தராத சிறு இறக்கமுள்ள ஆடவர், மருத்துவர் கண்காணிப்பில் பொறுத்திருக்கலாம். ஆனால் வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, கடுவலியும் வாந்தியும் கண்டால், குடலுக்குக் குருதி தடைப்படுகிறது என்று கருதி உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அப்போது நாழிகைக் கணக்கில் உயிருக்கே ஊறு நேரலாம்.

ஆகவே, நோயாளி கேட்கத்தக்க கேள்வி, “எம்முறை புதியது?” என்பதன்று, “என் நிலைக்கு எது ஏற்றது? அதில் தங்கள் பழக்கம் எவ்வளவு?” என்பதே.